முதல் கொள்வனவாளர்

மறுப்புக் கடிதத்தின் கடைசி வரியை குணேஸ்வரி தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது மேசைத் தொலைபேசி அடித்தது. மணி பன்னிரண்டு நாற்பது. மற்ற எல்லோரும் கீழே சாப்பாட்டு அறைக்குப் போயிருந்தார்கள். அவள் எடுத்து, முதலில் பிரெஞ்சிலும் பிறகு ஆங்கிலத்திலும் கொம்பனியின் பெயரைச் சொன்னாள். மறுமுனையில் முதலில், பெரிய மண்டபமொன்றில் நிறையப் பேர் மரவாங்குகளில் உட்கார்ந்து காத்திருக்கும்போது எழுகிற முணுமுணுப்பு மட்டும் கேட்டது. பிறகு ஒரு முதிய ஆணின் குரல், படியேறி வந்தவரைப் போலச் சற்று மூச்சு வாங்கியபடி, ஆங்கிலத்தில் சொன்னது:

"லோரிமர் பேசுகிறேன். ஹார்வி லோரிமர். என்னுடைய றிவோல்வர் உங்களிடம் இருக்கிறது. நான்தான் முதல் கொள்வனவாளர்."

அவள் தட்டச்சு செய்துகொண்டிருந்த கடிதம் அந்த றிவோல்வரைப் பற்றியதுதான்.

குணேஸ்வரிக்கு நாற்பத்தொரு வயது. மூன்று வருடங்களாக டொர்வால் என்ற புறநகரில் நெடுஞ்சாலையை ஒட்டிய அந்த இரண்டு மாடிக் கட்டடத்தில் வேலை செய்கிறாள். கைத்துப்பாக்கிகள் செய்யும் அமெரிக்கத் துவக்குத் தொழிற்சாலை ஒன்றின் கனடா முகவர்கள் அவர்கள். பழுதாகி வருவதைத் திருத்தி அனுப்புவதும், உத்தரவாதம் செல்லுமா செல்லாதா என்று சொல்வதும்தான் தொழில். துவக்கு எதையும் அவள் தொடுவதில்லை. அதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். அவளிடம் அது இல்லை, எடுக்க விருப்பமும் இல்லை. அவளுக்குக் காகிதங்கள் மட்டும். பியர்பொன்ட்ஸில் அவள் தங்கியிருந்த அண்ணன் வீட்டுக்கு வருகிறவர்களிடம் அண்ணி அவளுக்கு 'விளையாட்டுச் சாமான் கொம்பனியில்' வேலை என்று சொல்லிவைத்திருந்தாள். குணேஸ்வரி அதைத் திருத்தப் போகவில்லை.

அவள் எழுதும் கடிதங்கள் மூன்று வகை. உத்தரவாதம் செல்லும் என்பது ஒன்று. செல்லாது என்பது இன்னொன்று. மூன்றாவது, செல்லாது, ஆனால் இவ்வளவு செலவாகும், விருப்பமானால் எழுதுங்கள் என்பது. பழைய றிவோல்வர்களைச் சேகரிக்கிறவர்களுக்குத்தான் இரண்டாவதும் மூன்றாவதும் அதிகம் போகும். சந்தையில் வாங்கியிருப்பார்கள், செத்துப்போன மாமனாரின் பெட்டகத்தில் கண்டெடுத்திருப்பார்கள். பெட்டிக்குள் கிடந்த மஞ்சளடித்த அட்டையைப் படமெடுத்து அனுப்பி, 'ஆயுட்கால உத்தரவாதம் என்று அச்சடித்திருக்கிறீர்களே' என்று சண்டை பிடிப்பார்கள். அதற்கான பதில் அவளுக்கு மனப்பாடம். அட்டையில் சொல்லப்பட்டது முதல் கொள்வனவாளரின் ஆயுட்காலம். துவக்கின் ஆயுட்காலம் அல்ல, உங்களுடையதும் அல்ல.

லோரிமரின் பெட்டி அக்டோபரில் வந்தது. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவிலிருந்து மிஸஸ் எட்னா லோரிமர் அனுப்பியிருந்தார். 'என் கணவருடைய றிவோல்வர், சுழல் உருளை நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதில்லை, என்னவென்று பாருங்கள்' என்று நடுங்கும் கையெழுத்தில் மூன்று வரி. 1957இல் வாங்கிய அட்டை ஹார்வி லோரிமரின் பெயரில் இருந்தது. பதிவுச் சான்றிதழ் மனைவியின் பெயரில். கீழே திருத்துமிடத்தில் ரெஜான் அதைக் கழற்றிப் பார்த்துவிட்டு மேலே வந்து அவளுடைய மேசையோரம் நின்றான். அறுபதை நெருங்கும் மனிதன். கையில் எப்போதும் எண்ணெய் மணம்.

"இதைச் சுட்டு நாற்பது வருசமாவது இருக்கும், மடாம் குணேஸ். குழலுக்குள் எண்ணெய் பிசினாகிப் போயிருக்கிறது. ஆனால் உருளை தேய்ந்திருக்கிற விதம் வேறு. யாரோ ஒவ்வொரு நாளும் அதைச் சுற்றியிருக்கிறார்கள். வெறுமனே, சுடாமல்."

"திருத்தலாமா?"

"உதிரிப்பாகம் செய்வதை நிறுத்தி எவ்வளவோ காலம். கையால் அராவிச் செய்ய வேண்டும். ஆறு மணித்தியாலம், மணிக்கு எழுபது டொலர். மேலே துருப்பிடிக்காமல் ஏற்றிய நீலம் மங்கியிருக்கிறது, அதைப் புதிதாக ஏற்றச் சொல்லிக் கேட்டால் வேண்டாம் என்று எழுது. பளபளக்கும், ஆனால் சேகரிக்கிறவன் பிறகு பாதி விலைகூடத் தரமாட்டான்." கொஞ்சம் நின்று சொன்னான்: "நானென்றால் திருத்தாமலே திருப்பி அனுப்புவேன்."

சான்றிதழில் பெயர் மாறியிருந்ததால் அவள் மறுப்புக் கடிதம் எழுதத் தொடங்கினாள். எழுதி முடிக்கும் முன்புதான் இந்த அழைப்பு.

அவள் முறைப்படி தொடர் இலக்கத்தைக் கேட்டாள். லோரிமர் ஒரு எழுத்தும் ஆறு எண்களும் நிறுத்தாமல் சொன்னார். வாங்கிய திகதியைச் சொன்னார், கடை இருந்த தெருவைச் சொன்னார், தம் பிறந்த திகதியையும் சொன்னார். அட்டையில் எல்லாம் அப்படியே இருந்தன.

"பதிவு உங்கள் மனைவியின் பெயரில் இருக்கிறதே, மிஸ்டர் லோரிமர்."

"அது எட்னா செய்த வேலை. அவள் அவசரப்பட்டுவிட்டாள்." அவர் குரலில் கோபமில்லை. "அட்டையில் என்ன எழுதியிருக்கிறது? என் ஆயுட்காலம் வரை என்றுதானே? அது முடிந்துவிட்டது என்று உங்களுக்கு யாராவது சொன்னார்களா?"

"இல்லை."

"அப்படியானால் செல்லும். வைக்கிறேன், இங்கே வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள். அடுத்த செவ்வாய் தொலைபேசி எடுக்கிறேன்."

நியாயமாகத்தான் கேட்கிறார் என்று அவளுக்குப் பட்டது. முதியோர் இல்லத்திலிருந்து பேசுகிறார், அங்கே எல்லோருக்கும் ஒரே தொலைபேசி என்று நினைத்துக்கொண்டாள். மறுப்புக் கடிதத்தை அழித்துவிட்டு, உத்தரவாதப் படிவத்தை எடுத்து, முதல் கொள்வனவாளர் கையொப்பமிட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி போட்டு தபாலில் சேர்த்தாள்.

*

அவளுடைய கைப்பையிலும் கையொப்பமிட வேண்டிய படிவம் ஒன்று எட்டு மாதமாகக் கிடந்தது. போர்நிறுத்தத்தில் யாழ்ப்பாணப் பாதை திறந்த பிறகு, ஊருக்குப் போன ஒருவரிடம் சொல்லி அண்ணன் ஸ்ரீதரன் அரசாங்கக் கச்சேரியிலிருந்து எடுப்பித்தது. காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் கேட்கும் விண்ணப்பம். 'எனது கணவர் மேற்படி அரியரத்தினம் இறந்துவிட்டாரென நான் மெய்யாக நம்புகிறேன்' என்ற வரிக்குக் கீழே ஒரு புள்ளிக்கோடு. கூட்டுறவுச் சங்கக் கடை மனேஜராக இருந்த அரியரத்தினம் தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு காலை சைக்கிளில் வேலைக்குப் போனார். இராணுவச் சோதனைச் சாவடியில் நிற்பாட்டி வைத்திருந்ததைக் கண்டதாக இரண்டு பேர் சொன்னார்கள். சாவடியில் இருந்தவர்கள் அப்படி யாரையும் நிற்பாட்டவில்லை என்றார்கள். அதற்குப் பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நகுலேஸ்வரன் வருவார். வில்லரேயில் இருப்பவர், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார், மனைவி நோயில் போய் ஐந்து வருடம். வந்தால் ஒரு பை முந்திரிகைக் கொத்துகளைக் குசினி மேசையில் வைத்துவிட்டு அண்ணனோடு ஹொக்கி பார்ப்பார். குணேஸ்வரியிடம் நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். ஆனால் அவள் எழும்பும்போது தன் கதிரையை இழுத்து வழிவிடுவார். அந்த இழுப்பில் ஒரு கவனம் இருந்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது.

"குணேஸ், ஏழு வருசம் முடிஞ்சுது," என்றான் ஸ்ரீதரன் அந்த ஞாயிறு, அவர் போன பிறகு. "இன்னும் என்னத்துக்குப் பாத்துக்கொண்டிருக்கிறாய்? அந்தாள் நல்ல மனுசன். ஒரு கையெழுத்துத்தானே."

"வாசிச்சுப்போட்டு வைக்கிறன் அண்ணை."

"எத்தினை தரம் வாசிக்கிறது?"

அவள் பாத்திரங்களைக் கழுவி முடித்தாள். உண்மையில் அவள் அதை ஒரேயொரு தரம்தான் வாசித்திருந்தாள்.

*

லோரிமர் சொன்னபடி அடுத்த செவ்வாயும் எடுத்தார், அதற்கடுத்த செவ்வாயும் எடுத்தார். எப்போதும் பன்னிரண்டு நாற்பது. மாடியில் அவள் மட்டும் இருக்கும் நேரம். றிவோல்வரில் நீலம் ஏற்ற வேண்டாம் என்று தானாகவே சொன்னார். பிடியின் மரத்தில் இடப்பக்கம் ஒரு கீறல் இருக்கும், அதைத் தேய்த்துவிட வேண்டாம் என்றார். குணேஸ்வரி கீழே போய் ரெஜானிடம் கேட்டாள். கீறல் இருந்தது. மூன்றாம் தடவை பின்னாலிருந்த முணுமுணுப்பைக் கவனித்துக் கேட்டாள். ஆங்கிலமும் பிரெஞ்சும் மட்டுமல்ல, வேறு பல பாஷைகள் கலந்திருந்தன. ஒரு பெண் ஏதோ எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு குழந்தை இருமியது. முதியோர் இல்லத்தில் குழந்தை எங்கே வந்தது என்ற கேள்வி, தொலைபேசியை வைத்த பிறகுதான் அவளுக்குத் தோன்றியது.

அந்த வாரம் படிவம் திரும்பி வந்தது. கையொப்பமில்லை. பென்சில் புள்ளடிக்குப் பக்கத்தில் அதே நடுங்கும் எழுத்தில் எட்னா லோரிமர் ஒரு கேள்வி எழுதியிருந்தார்: 'அவர் எடுத்தாரா?'

மாடியின் கோடியில் கணினிக்கு முந்திய காலத்து இரும்பு அலுமாரிகள் நின்றன. திருத்த வந்த ஒவ்வொரு துவக்குக்கும் ஓர் அட்டை, தொடர் இலக்கப்படி. யாரும் அதைத் திறப்பதில்லை. குணேஸ்வரி மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு லோரிமரின் இலக்கத்தைத் தேடினாள். அட்டை இருந்தது. நீல மையில் ஒரு பதிவு: '1974 நவம்பர். உரிமையாளர் இறந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டவர். உத்தரவாதம் இல்லை. திருத்தாமல் மனைவிக்கு அனுப்பப்பட்டது.' அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: 'அவர் தொலைபேசியில் கேட்கிறார்.' அதற்கும் கீழே, வேறொருவரின் கையெழுத்தில், பிரெஞ்சில்: '1988. மறுபடியும் அழைப்புகள். செவ்வாய். இந்த இணைப்பை வேறு யாருக்கும் மாற்ற வேண்டாம்.'

அவள் அட்டையோடு கீழே போனாள். ரெஜான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வாசித்தான்.

"இது லிசெற்றின் எழுத்து. உன் மேசையில் இருந்தவள்." அட்டையைத் துணியால் துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "யாரோ விசரன் விளையாடுகிறான் என்று நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. சரி, உனக்கும் எடுக்கிறாரா?"

"இல்லை," என்றாள் குணேஸ்வரி. ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் சொன்ன பிறகு, யாரோ தன்னை நம்பி ஒப்படைத்த ஒன்றைப் பத்திரமாக மறைத்துவிட்ட ஆறுதல் வந்தது.

*

தைப்பொங்கல் கழிந்த சனிக்கிழமை அவள் பஸ் எடுத்து சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்குப் போனாள். கையொப்பம் வாங்க என்று தனக்குத்தானே ஒரு காரணம் வைத்திருந்தாள். ஏரிக்கரையோரமாக ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம். ஏரி முழுவதும் வெள்ளையாக இறுகிக் கிடந்தது. தூரத்தில் மீன்பிடிக்கிறவர்களின் சின்னச் சின்னக் கூடாரங்கள். கால்வாய்க்குப் பக்கத்துத் தெருவில் ஒடுங்கிய மரவீடு. மணியை அழுத்த முன்பே கதவு திறந்தது. எண்பது வயதுக்கு மேற்பட்ட, குணேஸ்வரியின் தோளளவு உயரம்கூட இல்லாத ஒரு மனுசி ஊன்றுகோலோடு நின்றார்.

"நீதானே அந்த மேசையில் இருப்பவள்?" என்றார் எட்னா லோரிமர். "எடுத்தாரா?"

"மூன்று மாதமாக எடுக்கிறார்."

மனுசி கண்ணை மூடித் திறந்தார். பிறகு அவளை உள்ளே விட்டு, வேறு யாருமில்லாத அந்த வீட்டின் முன்னறையில் இருத்தி, ஒரு தட்டில் பிஸ்கற் கொண்டுவந்து வைத்தார். சொல்ல வேண்டியதை வெகுகாலமாக ஒழுங்குபடுத்தி வைத்திருந்தவரைப் போலச் சொன்னார். அறுபத்தாறாம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு பகல், ஹார்வி மீன் பிடிக்கப் பனிக்கட்டியின் மேல் நடந்து போனார். பனி இளகத் தொடங்கியிருந்தது, போக வேண்டாம் என்று இவர் சொல்லியிருந்தார். திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. கூடாரத்துக்குள் அவருடைய கதிரையும் கையுறையும் மட்டும் இருந்தன. எட்டு வருடம் இவர் எதிலும் கையொப்பமிடவில்லை. வீட்டை விற்கவும் முடியாது, அவருடைய ஓய்வூதியத்தையும் எடுக்க முடியாது. கடைசியில் ஒரு சட்டத்தரணி, ஹார்வி இறந்துவிட்டார் என்று அறிவிக்கும் காகிதத்தோடு வந்தார்.

"நான் கையெழுத்து வைத்தேன். அந்த வருடம்தான் அந்தச் சனியனை முதல்முறை திருத்த அனுப்பினேன், விற்றுவிடலாம் என்று. அந்தக் காரியாலயத்துப் பெண் என்னைக் கூப்பிட்டு, உங்கள் கணவர் தொலைபேசியில் சண்டை பிடிக்கிறார் என்றாள்." எட்னா சிரிக்க முயன்றார். "துவக்கு வீட்டில் இருந்தால் அவருக்குப் பேச ஒன்றுமில்லை. வெளியே போனால் தேடுகிறார். உன்னிடம் பேசுகிறார், உனக்கு முந்தியவளிடம் பேசினார். அந்தச் சுவரில் இருக்கிற தொலைபேசிக்கு முப்பது வருடமாக ஒருதரமும் எடுத்ததில்லை."

நடைவழிச் சுவரில், வாசல் கதவுக்குப் பக்கத்தில், பழைய கறுப்புத் தொலைபேசி தொங்கியது.

"குரல் எப்படி இருக்கிறது?"

"கொஞ்சம் மூச்சு வாங்குகிறார்."

"அவர் எப்போதும் அப்படித்தான். என்னைப் பற்றி ஏதாவது?"

குணேஸ்வரி பிஸ்கற் தட்டைப் பார்த்தாள். பொய் சொல்லியிருக்கலாம். "நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்றார்."

எட்னா வெகுநேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார். "அது சரிதான்," என்றார். "எட்டு வருடம் எனக்கு நீளமாக இருந்தது. அவருக்கு அங்கே எப்படியோ."

அப்போதுதான் குணேஸ்வரி தன்னுடைய கதையைச் சொன்னாள். சைக்கிள், சாவடி, பைக்குள் இருக்கும் படிவம். ஆங்கிலத்தில் சொல்லும்போது அது மிகச் சிறியதாக இருந்தது. ஐந்து வசனத்தில் முடிந்துவிட்டது. எட்னா ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து வாசல் வரை வந்து, "எவ்வளவு காலம் முடியுமோ அவ்வளவு காலம் அந்த றிவோல்வரை அங்கேயே வைத்திரு," என்றார். "இன்னொரு தரம் அனுப்ப நான் உயிரோடு இருக்கமாட்டேன்."

*

பெப்ரவரி நடுவில் மேலாளர் மூன்று மாதத்துக்கு மேல் தேங்கிய கோப்புகளின் பட்டியலைக் கேட்டார். லோரிமரின் கோப்பு முதலில் இருந்தது. கையொப்பம் இல்லையென்றால் மாதமுடிவில் திருப்பி அனுப்பிவிடு என்றார். குணேஸ்வரி தலையாட்டினாள்.

அடுத்த செவ்வாய் பன்னிரண்டு நாற்பதுக்கு மணி அடித்தபோது அவள் கையை ஏற்கெனவே தொலைபேசியின் மேல் வைத்திருந்தாள்.

"லோரிமர் பேசுகிறேன்."

"மிஸ்டர் லோரிமர், உங்கள் றிவோல்வரை இனி இங்கே வைத்திருக்க முடியாது. வீட்டுக்கு அனுப்புகிறோம்."

"திருத்தாமலா?"

"திருத்தாமல்."

அவர் பெருமூச்சு விட்டார். பின்னால் வழக்கமான முணுமுணுப்பு. தான் இதைக் கேட்கப்போகிறாள் என்பது அவளுக்குச் சென்ட்-ஆனில் இருந்து வந்த அந்த பஸ்ஸிலேயே தெரிந்திருந்தது.

"உங்களிடம் ஒன்று கேட்கலாமா? அங்கே, உங்களோடு வரிசையில் நிற்கிறவர்களில், அரியரத்தினம் என்று ஒருவர் இருக்கிறாரா?"

முணுமுணுப்பு நின்றது. மெல்ல மெல்லக் குறைந்து நிற்கவில்லை; அந்த மண்டபம் முழுக்கத் தலையை நிமிர்த்திக் கேட்டதைப் போல ஒரேயடியாக நின்றது.

"எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள்," என்றார் லோரிமர்.

அவள் சொன்னாள். அந்தப் பெயரை அவள் செஞ்சிலுவைக்காரருக்கும், கொழும்பில் ஆணைக்குழுவுக்கும், இங்கே குடிவரவு அதிகாரிக்கும் எழுத்தெழுத்தாகச் சொல்லியிருக்கிறாள். எல்லோரும் நடுவில் நிறுத்தி மறுபடி கேட்பார்கள். இவர் நிறுத்தவில்லை. "பார்த்து வருகிறேன். வைத்துவிடாதீர்கள்," என்றார். றிசீவரை மரப்பலகையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு பலகைத் தரையில் சப்பாத்துக் காலடிகள் தூரப் போயின. நெடுந்தூரம் போயின. ஜன்னலுக்கு வெளியே ஒரு லொறி பின்னோக்கி வந்து நின்றது, ஓட்டுநர் இறங்கிக் கைகளை உரசிக்கொண்டு நின்றான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலடிகள் திரும்பி வந்தன. முதலில் அவள் சப்பாத்தின் சத்தத்தை மட்டும்தான் கேட்டாள். கிட்ட வரவரத்தான் அதற்கு இடையிடையே வேறொரு சத்தம் விழுவது தெரிந்தது. றப்பர்ச் செருப்பு குதிக்காலில் அடிக்கும் சத்தம். அரியரத்தினம் காணாமற்போன அன்று காலை அவருடைய சப்பாத்து வார் அறுந்து போயிருந்தது, பின்னேரம் தைக்கக் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டு, செருப்போடுதான் சைக்கிளில் ஏறினார். இதை அவள் எந்தப் படிவத்திலும் எழுதியதில்லை. யாரும் கேட்டதில்லை.

இரண்டு காலடிகளும் நின்றன. மரப்பலகையிலிருந்து யாரோ றிசீவரை எடுத்தார்கள். பேசுவதற்கு முன் ஒருவர் உள்ளே இழுக்கும் மூச்சு கேட்டது.

குணேஸ்வரியின் விரல் போய் இணைப்பை அழுத்திவிட்டது.

மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு மேலே வரும்வரை அவள் அந்த விரலை எடுக்கவில்லை. தொலைபேசி திரும்ப அடிக்கவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை நகுலேஸ்வரன் வந்தபோது, ஆற்றங்கரைப் பக்கம் நடந்துவிட்டு வரலாம் என்று அவளே கேட்டாள். அவர் ஆச்சரியப்பட்டாலும் காட்டிக்கொள்ளாமல் தொப்பியை எடுத்துப் போட்டார். பனி மிதிபட்டு வழுக்கிய பாதையில் இருவரும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள்.

"நான் உந்தப் படிவத்திலை கையெழுத்து வைக்கேல்லை," என்றாள் அவள். "இனி வைக்கவும் மாட்டன். உங்களுக்கு முதல் சொல்லோணும் எண்டு நினைச்சன்."

அவர் சற்றுத் தூரம் நடந்தார். "ஏனெண்டு கேக்கலாமோ?"

"அவர் இல்லையெண்டு ஆரும் எனக்குச் சொல்லேல்லை."

"சொல்ல ஆராவது வந்தா?"

"நான் கேக்கமாட்டன்."

நகுலேஸ்வரன் நின்று திரும்பி அவளுடைய முகத்தைப் பார்த்தார். அவள் அழவில்லை என்று கண்டதும் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். "ஓம்," என்றார். "விளங்குது." வீட்டுக்குத் திரும்பும் வழியில் வழுக்கும் இடங்களில் எல்லாம் அவர் முன்னால் போய் நின்று அவள் கடக்கும்வரை பார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு வந்தார். மூன்றாவது ஞாயிறு வரவில்லை. ஸ்ரீதரன் அவளோடு ஒரு வாரம் கதைக்கவில்லை. பிறகு பனி வாருவதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினான்.

றிவோல்வர் மார்ச் முதல் வாரத்தில் சென்ட்-ஆனுக்குப் போய்ச் சேர்ந்தது. ரெஜான் அதை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, ஒரு குழந்தையைப் படுக்கவைப்பதைப் போலப் பெட்டிக்குள் வைத்தான். கூலி என்ற இடத்தில் குணேஸ்வரி ஒன்றும் எழுதவில்லை. செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு நாற்பதுக்கு அவள் சாப்பாட்டு அறைக்கு இறங்கிப் போகாமல் மேசையிலேயே இருந்தாள். தொலைபேசி அடிக்கவில்லை. அதற்கடுத்த செவ்வாய் அடித்தது. மூன்று தரம் அடிக்க விட்டு எடுத்தாள்.

"பெட்டி வந்தது," என்றார் எட்னா லோரிமர். "நன்றி. கடைசியாகவும் எடுத்தாரா?"

"எடுத்தார். நான் அவரிடம் ஒரு பெயரைக் கேட்டேன். போய்ப் பார்த்துவிட்டு வந்தார்." அவள் றிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினாள். "இரண்டு பேர் வந்தார்கள், மிஸஸ் லோரிமர். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்."

"முப்பது வருடமாக நான் இந்தச் சுவருக்குப் பக்கத்தில் நிற்கிறேன்," என்றார் எட்னா. குரலில் கோபம் இருக்கவில்லை, விளங்காமைதான் இருந்தது. "நீ வைத்துவிட்டாயா?"

"நான் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை."

"ஆ," என்றார் எட்னா. கொஞ்சம் பொறுத்து, தனக்குத்தானே சொல்வதைப் போல, "ஆமாம். அப்படித்தான் செய்ய வேண்டும்," என்றார்.

அதற்குப் பிறகும் இருவரும் தொலைபேசியை வைக்கவில்லை. அந்த ஒடுங்கிய நடைவழியில், வாசல் கதவுக்குப் பக்கத்தில், மனுசி ஊன்றுகோலில் சாய்ந்தபடி நிற்பது குணேஸ்வரிக்குத் தெரிந்தது. அவருடைய மூச்சு காதோடு ஒட்டிக் கேட்டது. அதற்கு வெகுதூரம் பின்னால், வீட்டின் கோடியில் இருந்த குசினியில், அடுப்பில் வைத்த கேத்தில் பாடத் தொடங்கியது. மெதுவாகத் தொடங்கி, ஏறி, கூர்மையாகி, வீடு முழுவதையும் நிறைத்தது. தண்ணீர் கொதித்துவிட்டது, போய் இறக்குங்கள் என்று சொல்ல குணேஸ்வரி வாயெடுத்தாள். எட்னா அசையவில்லை.

அந்தச் சீழ்க்கை, அடுப்பிலிருந்து கேத்திலைத் தூக்கும்போது ஆகிறதைப் போல, தாழ்ந்து நின்றது.

எட்னாவின் மூச்சு காதோடு ஒட்டியபடியே இருந்தது. இப்போது அவர் அதை அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். குசினியில் ஒரு கோப்பையைத் தட்டில் வைக்கும் ஓசை வந்தது. பிறகு இன்னொன்று.